நாரியைத் திறந்தார்கள், கால்வலி போனது

எங்கள் வீட்டில் நாரிப்பிடிப்பு (கீழ்முதுகுப் பிடிப்பு) என்றால் நல்லெண்ணெயும் கன்னியா வெந்நீர்க் கிணறும்தான் வைத்தியம். இரண்டையும் பார்த்தேன். நாரி இளகியது, இடது பிட்டத்திலிருந்து பெருவிரல் வரை இறங்கிய வலி அசையவில்லை. தும்மினால் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும்.

ஸ்கானில் காரணம் தெரிந்தது. நாரியின் 4ஆம், 5ஆம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல உள்ள வட்டின் (டிஸ்க்) உறை கிழிந்து, உள்ளிருந்த கூழ் பிதுங்கி, நரம்பு வேரை நெரித்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் கத்தியைத் தூக்க அவசரப்படவில்லை. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி குறைந்துவிடும், பிதுங்கிய துண்டை உடம்பே கரைப்பதும் உண்டு என்றார். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, ஆசனவாயைச் சுற்றி விறைத்து உணர்வற்றுப் போனாலோ மட்டும் இரவு பகல் பாராமல் வைத்தியசாலைக்கு ஓடி வரச் சொன்னார்.

காத்திருந்தேன். வலி குறையவில்லை, போதாததற்குப் பெருவிரலை மேலே தூக்கும் பலமும் குறைந்து, செருப்பு தன்பாட்டில் கழன்று விழத் தொடங்கியது. அதன் பிறகுதான் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தார்கள்.

உட்கார்ந்திருப்பதுதான் இந்த நோய்க்கு ஆகாத காரியம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கோ 250 கிலோமீற்றருக்கு மேல். ஹபரணை வழியாக வானின் பின் இருக்கையில் படுத்தபடியே போனேன்.

முழு மயக்கம் கொடுத்தார்கள். முதுகில் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த வெட்டு. தசையை அறுக்காமல் விலக்கி, குழாயொன்றைச் செருகி, நுண்நோக்கியில் பார்த்தபடி நரம்பை நெரிக்கும் துண்டை மட்டும் எடுப்பார்கள். வட்டு முழுவதையும் எடுப்பதில்லை, ஆணியும் தகடும் கிடையாது. மச்சான் இதைக் கடைசிவரை நம்பவில்லை. தழும்பைக் காட்ட வேண்டியிருந்தது.

மயக்கம் தெளிந்ததும் காலை அசைத்துப் பார்த்தேன். அந்த வலி இல்லை. அன்று மாலையே எழுப்பி நடக்கவிட்டார்கள். நாரி நொந்தது, ஆனால் ஏமாற்றமில்லை: இந்தச் சிகிச்சை காலுக்குத்தான், நாரிக்கு உத்தரவாதம் தர முடியாது என்று நிபுணர் முன்பே சொல்லியிருந்தார். இதைக் காதில் வாங்காமல் போய்ப் படுப்பவர்கள்தான் பிறகு வைத்தியரைத் திட்டுகிறார்கள்.

ஆறு வாரங்களுக்குக் குனியவோ, இடுப்பைத் திருப்பவோ, பாரம் தூக்கவோ தடை. நடை மட்டும் தாராளம். அதுவும் உட்துறைமுக வீதியில், டச்பே கடற்கரை மணலில் அல்ல. அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு நடக்கிறதாம். பெருவிரலுக்குப் பலம் திரும்பிவிட்டது. பாதத்தின் மேற்புறம் இன்னும் கொஞ்சம் விறைப்பு; நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்றார்கள். கடையில் 50 கிலோ சீமெந்து மூட்டைகளை இப்போது பையன்கள் ஏற்றுகிறார்கள். நான் நின்றபடி பில் எழுதுகிறேன்.