கைடு நம்பரை எவ்வளவு நம்பலாம்

ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் கணக்கிட ஒரு வகுத்தல் தெரிந்தால் போதும். ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் எண்ணான கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100-ல் நம்பர் 32 என்றால், 4 மீட்டரில் நிற்பவருக்கு எஃப்/8. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் நம்பர் நான்கு மடங்காகாது, இரண்டு மடங்குதான். ஐஎஸ்ஓ 100-லேயே பவரை 1/4-க்கு இறக்கினால் நம்பர் பாதியாகும். அதே ஆளுக்கு எஃப்/4.

தூரத்தை ஃப்ளாஷிலிருந்து அளக்க வேண்டும், கேமராவிலிருந்து அல்ல. ஃப்ளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிய பிறகும் லென்ஸில் உள்ள மீட்டர் கோட்டைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் நிறைய.

பெட்டியில் அச்சான நம்பர்தான் பெரிய ஏமாற்று. 60 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஃப்ளாஷ் தலையின் 200 மி.மீ. ஜூமில் என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஜூமை 35-க்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் பரவி நம்பர் நன்றாக இறங்கிவிடும். அடிக்கணக்கில் தந்த நம்பரை மீட்டரால் வகுத்தால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் இருட்டு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). அதனால் சொந்தமாகச் சோதித்துவிடுவதே மேல். ஆளை 3 மீட்டரில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, முழு பவர், நேர் ஃப்ளாஷ் வைத்து அபெர்ச்சரை மட்டும் மாற்றி மாற்றி எடுங்கள். முகம் சரியாக வந்தது எஃப்/8-ல் என்றால் அந்த ஜூமுக்கு உங்கள் நம்பர் 24. அறைக்குள் சோதித்த நம்பர் திறந்த வெளியில் செல்லாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லையே. அரை ஸ்டாப்பாவது கூடுதலாகத் திறக்க வேண்டிவரும்.

கூரையில் அடித்துத் திருப்பும்போது போகும் தூரமும் வரும் தூரமும் சேரும். கூரைக்கு 1.5, அங்கிருந்து முகத்துக்கு 3 என்றால் 4.5 மீட்டர். நம்பர் 32-க்கு எஃப்/7 வரும். வெள்ளைக் கூரை விழுங்குவதற்கு இரண்டு ஸ்டாப் திறந்தால் எஃப்/3.5. கூரைக்கு நிறம் இருந்தால் முகத்திலும் அந்த நிறம் ஏறும்.

குழுப் படத்தில் முன்வரிசை 2 மீட்டர், பின்வரிசை 4 மீட்டர் என்றால் பின்னால் நிற்பவர்களுக்குக் கால்பங்கு வெளிச்சம்தான். எந்த அபெர்ச்சரும் இதைச் சரிசெய்யாது. ஃப்ளாஷை நான்கு மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் 6-ம் 8-ம். வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும். ஆனால் முன்வரிசைக்கே ஒன்பது மடங்கு பவர் தேவைப்படும். அங்கேதான் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்கக் கூடாது.

ஷட்டர் ஸ்பீடு பின்னணி வெளிச்சத்துக்கு மட்டும். ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகமான சிங்க் வேகத்தைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

லென்ஸ் வழியே அளந்து ஃப்ளாஷ் பவரைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல்லில் விட்டால் வெள்ளை உடை சாம்பலாகும். ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்பு உடைக்கு அதே அளவு குறையுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் மூன்றாவது படம் மட்டும் இருட்டா? தயார் விளக்கு எரிந்தாலும் பல ஃப்ளாஷ்களில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் அப்போது முழுக்க நிரம்பியிருக்காது. விளக்கு எரிந்த பிறகும் சில நொடி பொறுத்து அமுக்குங்கள்.