'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யோடு பத்து வாரம்

எங்கள் வீட்டு ஹால் சுவரில் பத்து வாரமாக ஒரு சார்ட் பேப்பர் தொங்குகிறது. மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். முதல் கட்டத்தின் தலையில் 1957, அடுத்ததில் 1961, கடைசியில் 2021. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்கிற அமெரிக்கப் பாட்டு நாடகம் மேடை ஏறிய வருடம், முதல் தடவை படமான வருடம், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மறுபடி எடுத்த வருடம். ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டுகளை அவை வரும் வரிசையில் எழுதி, ஒரே பாட்டை மூன்று கட்டத்துக்கும் குண்டூசி குத்தி கம்பளி நூலால் இணைத்திருக்கிறேன். இடம் மாறாத பாட்டுக்கு நூல் நேராகப் போகிறது. மாறிய பாட்டுக்கு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஓடுகிறது.

தம்பியோடு நடந்த ஒரு சண்டையில்தான் இது ஆரம்பித்தது. 2021 படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி வந்தது எல்லாம் இனிமே தேவையில்லக்கா" என்றான். எனக்கு 1961 படம் உயிர். இரண்டு பேருமே மூல நாடகத்தைப் பார்த்ததில்லை. மூலம் தெரியாமல் எது நல்லது என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

நாடகத்தை நேரில் பார்க்க வழியில்லை. ஆனால் அசல் நடிகர்கள் பாடிய இசைத்தட்டு இருக்கிறது. 1957 செப்டம்பர் 26-ஆம் தேதி நியூயார்க்கின் விண்டர் கார்டன் தியேட்டரில் நாடகம் தொடங்கியது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிப் பதிவு செய்துவிட்டார்கள். மரியாவாக கேரல் லாரன்ஸ், டோனியாக லேரி கெர்ட், அனிதாவாக சீட்டா ரிவேரா. நாடகப் பிரதியும் புத்தகமாகக் கிடைக்கிறது. பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, காட்சியைப் படித்து, பாட்டு வரும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பாட்டைக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் வீணாகப் போனது. போனில் பாட்டுகள் வரிசை கலைந்து ஓடும்படி இருந்ததை நான் கவனிக்கவில்லை. கத்திச் சண்டை இசைக்குப் பிறகு காதல் பாட்டு, அதற்குப் பிறகு முகப்பு இசை என்று வந்தது. நாடகத்தில் தாவல் அதிகம் என்று நோட்டில் எழுதிக்கூட வைத்துவிட்டேன். பிரதியோடு ஒத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஆனால் வரிசை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மனதில் பதிந்தது அந்த வாரத்தில்தான்.

கதை 'ரோமியோ ஜூலியட்'. மான்ஹாட்டனின் மேற்குப் பகுதித் தெருக்களில் இரண்டு கும்பல்: வெள்ளைக்காரப் பையன்களின் ஜெட்ஸ், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் ஷார்க்ஸ். ஜெட்ஸின் தலைவன் ரிஃப், அவன் நண்பன் டோனி. ஷார்க்ஸின் தலைவன் பெர்னார்டோ, அவன் தங்கை மரியா, காதலி அனிதா. டோனியும் மரியாவும் காதலிக்கிறார்கள். இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாட்டு வரிகள் ஸ்டீபன் சொந்தைம், வசனம் ஆர்தர் லாரன்ட்ஸ், நடனமும் இயக்கமும் ஜெரோம் ராபின்ஸ்.

மூன்றாவது வாரம் 'ஐ ஃபீல் பிரிட்டி'யில் நின்றுவிட்டேன். 1961 படத்தில் இது சண்டைக்கு முன்னால் வரும். காதல் வந்த சந்தோஷத்தில் மரியா துணிக்கடையில் ஆடிப் பாடுவாள். அழகான பாட்டு, அவ்வளவுதான். நாடகத்தில் அப்படி இல்லை. ரிஃப், பெர்னார்டோ இரண்டு பேரும் கத்திக்குத்தில் செத்துக் கிடக்கிறார்கள், திரை விழுகிறது, இடைவேளை. மறுபடி திரை எழும்போது முதலில் வருவதே இந்தப் பாட்டு. தன் அண்ணன் செத்துப்போனதும், கொன்றவன் தன் காதலன் என்பதும் அவளுக்குத் தெரியாது. நாடகம் பார்க்க வந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இந்த இடத்தில் வைத்துக் கேட்டால் அந்தக் குதூகலம் அப்படியே வயிற்றைப் பிசைகிறது. இருபது வருடமாக லேசான பாட்டு என்று நினைத்திருந்தது, இந்த நாடகத்திலேயே கொடூரமான பாட்டாக எனக்கு மாறிப்போனது.

ஸ்பீல்பெர்க் இதைச் சண்டைக்குப் பிறகே திரும்ப வைத்திருக்கிறார். மரியா இரவில் துப்புரவு வேலை செய்யும் பெரிய கடையில், விற்பனைக்கு வைத்த ஆடைகளுக்கு நடுவே பாடுகிறாள். இதில் தம்பி சொன்னதுதான் சரி, ஒத்துக்கொண்டேன்.

'கூல்' பாட்டில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாடகத்தில் சண்டைக்கு முன்பு, பொறுமை இழந்து துடிக்கிற பையன்களை அடக்க ரிஃப் பாடுவது. 2021-இல் உடைந்துபோன படகுத்துறைப் பலகைகள்மேல், ரிஃப் வாங்கி வந்த துப்பாக்கியைப் பிடுங்குவதற்காக டோனி பாடுகிறான். தாவுவதும் மறிப்பதுமாக அந்த நடனம் பிரமாதம்தான். ஆனால் 1961-இல் ரிஃப் செத்த பிறகு, தலைவன் இல்லாத பையன்கள் ஒரு வண்டிக் கொட்டகைக்குள் அடைபட்டு நிற்கும்போது இந்தப் பாட்டு வருகிறது. தாழ்ந்த கூரை, கார் விளக்கு வெளிச்சம். அழவும் தெரியாமல், கத்தவும் முடியாமல் விரலைச் சொடுக்கிச் சொடுக்கி ஆடுகிறார்கள். மூல வரிசையை மீறியதுதான், ஆனால் மீறியதால் பாட்டுக்குக் கிடைத்த கனம் மற்ற இரண்டிலும் இல்லை. "நீ பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கக்கா" என்று தம்பி சொன்னான். இல்லை, நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஐந்தாவது வாரம் 'அமெரிக்கா'வின் தாளம். கேட்கச் சுலபமாக இருக்கிறது, போட்டால் நழுவுகிறது. முதலில் ஆறு ஆறாக எண்ணித் தட்டினேன். இரண்டாவது ஆறில் பாட்டு என்னை விட்டுப் போய்விடுகிறது. ஒரு தாளில் பன்னிரண்டு புள்ளி வைத்து, அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஒன்று, நான்கு, ஏழு, ஒன்பது, பதினொன்று. அப்படியென்றால் 'தகிட தகிட தக தக தக'. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. சொற்கட்டாகச் சொல்லிக்கொண்டே எவர்சில்வர் டம்ளரில் தட்டியதும் கை தானாகப் போனது. பெர்ன்ஸ்டைன் இதற்கு 'வாபாங்கோ' நடை என்று குறித்திருக்கிறார். அது மெக்சிகோ நாட்டுப்புற ஆட்டம். பாடுகிறவர்களோ போர்ட்டோ ரிக்கோகாரர்கள். அந்தச் சமூகத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதிய நாடகம் என்பது இங்கேயும் தெரிகிறது.

இந்தப் பாட்டு கை மாறியதும் பெரிய கதை. நாடகத்தில் பெண்கள் மட்டும்தான் பாடுவார்கள். ஊரை நினைத்து ஏங்கும் ரோசாலியாவை அனிதா கிண்டல் செய்வாள், அதில் சொந்த ஊரைப் பற்றிய வரிகள் கொஞ்சம் கேவலமாகவே இருக்கும். 1961 படத்தில் வரிகளை மாற்றி, மொட்டைமாடியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குவாதமாக்கினார்கள். இந்த நாட்டில் நமக்கு என்ன கிடைத்தது என்று ஆண்கள் கேட்க, பெண்கள் திருப்பிக் கொடுக்கிறார்கள். புலம்பெயர்ந்த வீடுகளில் இன்றைக்கும் நடக்கும் வாக்குவாதம் இதுதான். அனிதாவாக ரீட்டா மொரேனோ பாவாடையைச் சுழற்றித் திரும்பும் அந்த ஒரு வெட்டுக்காகவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவருக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. அறுபது வருடம் கழித்து அதே வேடத்துக்கு அரியானா டிபோஸும் வாங்கினார்.

'டுநைட்' ஐங்குரல் பாட்டுக்கு ஒரு வாரம் முழுக்கப் போனது. ஜெட்ஸ், ஷார்க்ஸ், அனிதா, டோனி, மரியா ஐந்து தரப்பும் அன்றைய இரவுக்காகக் காத்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் காத்திருப்பதும் வேறு காரணத்துக்கு. ஹெட்போன் போட்டு ஒரு தடவைக்கு ஒரு குரலை மட்டும் பிடித்துப் பின்தொடர்ந்தேன். கடைசியில் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது அனிதாவை மட்டும் விடாமல் பிடிக்க எனக்கு எட்டுத் தடவை ஆனது.

1961 பதிவில் ஒரு ஆச்சரியம். மரியாவாக நடித்த நடாலி வுட்டுக்குப் பாடியவர் மார்னி நிக்சன். இந்த ஐங்குரலில் அனிதாவுக்கும் அவரே பாடியிருக்கிறார். ஒரே தொண்டை, இரண்டு பெண்கள். டைட்டிலில் அவர் பெயர் இல்லை. டி.எம்.எஸ்., பி.சுசீலா பெயரை டைட்டிலில் பார்த்து வளர்ந்த எனக்கு இதை ஜீரணிக்க முடியவில்லை. சார்ட்டில் 1961 கட்டத்தின் மேலே அவர் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தேன்.

எட்டாவது வாரம் அத்தை வந்து தங்கினார். முப்பது வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், ஆங்கிலப் பாட்டு பக்கமே போகமாட்டார். 'மரியா' ஓடிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

"ஏம்மா, இது என்ன, கல்யாணி மாதிரி எடுக்கறானே. ஆனா மத்யமத்துல நிக்கவே மாட்டேங்கறான், பஞ்சமத்துக்கு ஓடிடறான்."

அப்படியே பாடிக் காட்டினார். 'மா' சட்ஜம் (ஸ), 'ரி' பிரதி மத்யமம் (கல்யாணியில் வரும் ம), 'யா' பஞ்சமம் (ப). நம் காதுக்கு அந்த மத்யமம் வீட்டுப் பிள்ளை மாதிரி. மேல்நாட்டு இசையில் சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலுள்ள அந்த தூரம் உறுத்தலான, நிலைகொள்ளாத இடைவெளி. 'கூல்' பாட்டிலும் அதே இடைவெளிதான், ஆனால் அங்கே வெறியாக. நாடகம் முடியும்போது மேலே பல சுரங்கள் சேர்ந்து அமைதியாக நிற்க, அடியில் அதே மத்யமம் கனமாக ஒலிக்கிறது. அத்தை மூன்று இடத்தையும் கேட்டுவிட்டு, "அங்க போய் சேர விடமாட்டேங்கறான்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாவது வாரம் 'சம்வேர்' பாட்டை மூன்று பதிவிலும் அடுத்தடுத்துப் போட்டேன். நாடகத்தில் காதலர்கள் பாடுவதில்லை. கனவு நடனத்தின்போது ஒரு பெண்ணின் குரல் மட்டும் வருகிறது. முதல் மேடையில் அதைப் பாடியவர் ரெரி கிரிஸ்ட். 1961-இல் டோனியும் மரியாவும் பாடுகிறார்கள். 2021-இல் ரீட்டா மொரேனோ. இந்தப் படத்தில் அவர் வாலென்டினா, ஒரு வெள்ளைக்காரரை மணந்து விதவையான போர்ட்டோ ரிக்கோ கிழவி. நமக்கென்று எங்கோ ஓர் இடம் இருக்கும் என்று இருபது வயதுக்காரர்கள் பாடினால் அது ஆசை. அந்த இடத்தைத் தேடி ஒரு ஆயுளையே கழித்தவர், நடுங்கும் குரலில், சுருதியைவிட மூச்சையே நம்பிப் பாடும்போது அது வேறு பாட்டு. தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும்தான். அத்தை மறுபடி போடச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்தாவது வாரம். சார்ட்டில் உடற்பயிற்சிக்கூட நடனத்துக்கான நூல் மூன்று கட்டத்திலும் 'மரியா'வுக்குச் சற்று மேலே நேராகவே போகிறது. அதில் எழுத ஒன்றுமில்லை என்று விட்டிருந்தேன். சும்மா ஓடட்டும் என்று 1957 பதிவைப் போட்டோம். டோனியும் மரியாவும் முதல் தடவை பார்த்துக்கொள்ளும் அந்தச் சின்ன 'சா சா' ஆட்ட இசை வந்தபோது அத்தை கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இது அந்தப் பையன் பாட்டுதானே?"

பின்னால் ஓட்டிக் கேட்டோம். ஆமாம், 'மரியா'வின் மெட்டுதான், மெல்ல, விரல் சொடுக்கோடு. அவள் பெயரே அவனுக்கு இன்னும் தெரியாது. தம்பி எழுந்துபோய் நீல ஸ்கெட்ச் பேனா எடுத்து வந்தான். அந்த நேர்நூலின் பக்கத்தில் அத்தையே ஸ, ம, ப என்று எழுதினார்.