எண்ணிக்கையில் விடுபட்ட படகு

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது, உயிர்காப்புப் படகுகளும் மிதவைச் சட்டைகளும் என் பொறுப்பில் இருந்தன. ஆபத்து மணி ஒலித்தால் யார் எந்தப் படகில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் மஸ்டர் லிஸ்டைச் சரிபார்த்து ஒட்டுவதும் என் வேலைதான். காலையில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பில் இட்லி பரிமாறும் பணியாளரே மணி அடித்ததும் பயணிகளை எண்ணிப் படகேற்ற வேண்டியவர் என்பது அந்தப் பட்டியலைப் படித்தால்தான் தெரியும். ஒத்திகையில் அவர்களைக் கவனித்திருக்கிறேன்: குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, சட்டை தலைவழியாகக் கழன்றுவிடுகிறதா என்று தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார்கள்.

சிட்டி ஆஃப் பெனாரஸ் கப்பலின் கதையை நான் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். எல்லர்மன் நிறுவனத்துக்காக கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, 1936 முதல் லிவர்பூலுக்கும் பம்பாய்க்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற 11,000 டன் கப்பல் அது. மாலுமிகளிலும் பரிமாறுபவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட அவர்களுக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் மாலுமியின் ஊதியத்தில் ஒரு பகுதி மட்டுமே. 1940 செப்டம்பர் 13 அன்று, ஜெர்மானியக் குண்டுவீச்சிலிருந்து காப்பதற்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து அது புறப்பட்டது. ரேஷனுக்குப் பழகிய அந்தப் பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் ஐஸ்கிரீம் பரிமாறினார்கள்.

17ஆம் தேதி அதிகாலையில் பாதுகாப்புக்கு உடன் வந்த போர்க்கப்பல்கள் பிரிந்து சென்றன. அன்றிரவு பத்து மணியளவில் ஜெர்மனியின் யு-48 நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ தாக்க, சுமார் அரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. கொந்தளித்த கடலில் இறக்கப்பட்ட படகுகள் பல கவிழ்ந்தன அல்லது நீரால் நிரம்பின. கப்பலில் இருந்த 400க்கும் மேற்பட்டோரில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த 90 குழந்தைகளில் 77 பேர் திரும்பவில்லை. வெப்பநாட்டு உடையோடு வட அட்லாண்டிக் குளிரில் சிக்கிய லஸ்கர்களில் ஏராளமானோர் படகிலேயே விறைத்து இறந்தனர். அவர்கள் செயலற்றுக் கிடந்தார்கள் என்று குறைகூறுவோர் குளிரில் உடல் என்னவாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் வந்த ஹரிகேன் என்ற போர்க்கப்பல் நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டது. அதே இரவில் மூழ்கடிக்கப்பட்ட மரினா என்ற கப்பலின் படகு ஒன்றையும் அது பெனாரஸின் படகாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டது. கணக்கு நேராகிவிட்டதால், 12ஆம் எண் படகை யாரும் தேடவில்லை. அதில் ஆறு சிறுவர்கள், குழந்தைகளுக்குத் துணையாக அனுப்பப்பட்டவர்களில் ஒருவரான மேரி கார்னிஷ், ஒரு பாதிரியார், நான்காம் அதிகாரி ரொனால்ட் கூப்பர் ஆகியோருடன் முப்பதுக்கும் மேற்பட்ட இந்தியப் பணியாளர்கள் இருந்தனர். மூன்று வாரத்துக்கு உணவு இருந்தது. தண்ணீரோ ஒரு வாரத்துக்குத்தான். துடுப்புக்குப் பதிலாக, முன்னும் பின்னும் தள்ளினால் சுழல்விசிறியை இயக்கும் கைப்பிடிகள் அந்தப் படகில் இருந்தன. பயிற்சிக் காலத்தில் பழைய கப்பல் ஒன்றில் அத்தகைய படகை நானும் தள்ளியிருக்கிறேன்; கால் மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். எட்டாம் நாள், செப்டம்பர் 25 அன்று, சண்டர்லாண்ட் வகைக் கடல் விமானம் ஒன்று அவர்களைக் கண்டது.

ஒத்திகை முடிந்து தலைகளை எண்ணும்போது தொகை சரியாக வந்தாலும் படகு எண்ணையும் பெயர்களையும் தனித்தனியே ஒப்பிடச் சொல்வேன். அவசரத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த 6,000க்கும் மேற்பட்ட பிரிக்கப்படாத இந்தியாவின் மாலுமிகள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் அவர்களின் பெயர்கள் கல்லில் இல்லை, பதிவேட்டில் இருக்கின்றன.