ஃபாரத்தை யார் நிரப்புவது?

கோயம்புத்தூரில், வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அமெரிக்கா போகும் பிள்ளைகளின் எஃப்-1 என்னும் மாணவர் விசா வேலைகள்தான் என் மேஜைக்கு வரும். இடம் கொடுத்ததற்கான ஐ-20 சான்று கல்லூரியிலிருந்து வந்ததும் பெற்றோர் பலர் கேட்பது இதுதான்: "மேடம், ஃபாரமெல்லாம் நீங்களே ஃபில் பண்ணிருங்க. பையனுக்கு எக்ஸாம் இருக்குதுங்க." நான் மறுத்துவிடுவேன். பக்கத்தில் உட்காருவேன், சந்தேகம் கேட்டால் சொல்வேன். ஆனால் டைப் செய்ய வேண்டியது படிக்கப் போகிறவர்தான்.

இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 பொறுமையைச் சோதிக்கும் படிவம். 20 நிமிடம் தொடாமல் விட்டால் மூடிக்கொள்ளும். கடந்த 5 வருடங்களில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள், அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள், முன்பு விசா மறுக்கப்பட்டதா, செலவை யார் ஏற்கிறார்கள், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று எல்லாவற்றையும் கேட்கும். நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் அதிகாரியின் திரையில் இவை அத்தனையும் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத பிள்ளையை அங்கே எப்படி அனுப்புவது?

செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியில்தான் பல குடும்பங்கள் முதல்முறையாக மனம்விட்டுப் பேசுகின்றன. திருப்பூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ்.; இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்து, பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐ-20-இன் முதல் பக்கத்திலேயே ஒரு வருடச் செலவும், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இருக்கும். அவள் அந்தத் தொகையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "இவ்வளவுக்கு என்னப்பா பண்ணுவீங்க?" வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்து லோன் சாங்ஷன் ஆகியிருந்தது அவளுக்குத் தெரியாது. "நீ படிக்கிற வேலையப் பாரு சாமி" என்றார். அவள் விடவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்த வாரமே திரும்பி வந்தார்கள். செலவு குறைவான அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். அமெரிக்க அரசின் மாணவர் பதிவு முறையான செவிஸுக்குரிய கட்டணம் 350 டாலரை இன்னும் கட்டவில்லை. புது ஐ-20 வந்ததும் கட்டினோம். நேர்காணலில், சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்திலிருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்டிருக்கிறார்கள். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், நொய்யல் ஆற்றுத் தண்ணீரையும், அந்தப் பல்கலைக்கழகத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்யும் பேராசிரியரைப் பற்றியும், செலவு குறைவு என்பதையும் சொல்லியிருக்கிறாள். சில நிமிடங்களில் முடிந்தது, விசா கிடைத்தது. அந்தப் பதிலை எந்த கன்சல்டன்சியாலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

ஒத்திகைக்காக மாக் இன்டர்வியூ நானும் நடத்துகிறேன். கேள்வி மட்டும் கேட்பேன், பதில் தரமாட்டேன். ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் அதிகாரிக்குத் தெரியாதா? அமெரிக்காவின் 1952-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அப்படியில்லை என்று காட்ட வேண்டியது மாணவரின் பொறுப்பு. மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. விசா கட்டணமான 185 டாலரும் திரும்ப வராது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

அப்படி மறுக்கப்பட்ட ஒரு பையன் என்னிடம் வந்தான். வேறொரு இடத்தில் அவனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். அக்கா டெக்சாஸில் இருக்கிறாள். உறவினர் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தார்கள், அப்படிப் போட்டால்தான் விசா கிடைக்கும் என்று. நேர்காணலில் அக்காவைப் பற்றி அவனே சாதாரணமாகச் சொல்லியிருக்கிறான். உதவியது யாராக இருந்தாலும் கடைசியில் கையொப்பப் பொத்தானை அழுத்துவது விண்ணப்பதாரர்தான். பொய்க்கும் அவர்தான் பொறுப்பு. வேண்டுமென்றே சொன்ன முக்கியமான பொய் என்று முடிவு செய்தால் வாழ்நாள் தடைகூட வரலாம். நல்லவேளையாக அந்த அளவுக்குப் போகவில்லை.

இரண்டாவது முறை முழுப் படிவத்தையும் அவனே நிரப்பினான், அக்கா பெயரோடு. போன தடவை ஏன் அப்படி இருந்தது என்று கேட்டபோது மறைக்காமல் சொல்லியிருக்கிறான். மறுபடியும் மறுத்துவிட்டார்கள். இப்போது சென்னையில் எம்.இ. படிக்கிறான். அவன் அம்மா சில சமயம் போன் செய்து, மூன்றாவது முறை போடலாமா என்று கேட்பார். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் பையன் வந்து என்னிடம் பேசட்டும் என்கிறேன். இன்னும் வரவில்லை.