கேஸ் மீட்டர் நாட்குறிப்பு: ஈஸ்ட் ஹாம், லண்டன், 2022–23 குளிர்காலம்

1 அக்டோபர் 2022, சனி

நேற்று இரவு பதினொன்றரைக்கு டார்ச் அடித்து இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து வைத்தேன். ஸ்மார்ட் மீட்டர் தானாகவே கணக்கை அனுப்பிவிடும் என்கிறார்கள். ஆனாலும் விலை மாறும் நாளில் கையில் ஒரு ஆதாரம் இருக்கட்டும். ஏப்ரலில் விலை ஏறியபோது பழைய விலை நாட்களையும் புது விலையில் போட்டு ஒரு பில் வந்தது, அதைச் சரிசெய்ய நான்கு முறை போன் செய்தேன்.

இன்று முதல் மின்சாரம் யூனிட்டுக்கு 34 பென்ஸ், கேஸ் 10.3 பென்ஸ். போன வருடம் இதே சமயம் கேஸ் சுமார் 4 பென்ஸ்தான். இது போக, ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் மின்சாரத்துக்குத் தினம் 46 பென்ஸ், கேஸுக்கு 28 பென்ஸ் கட்டியாக வேண்டும். "2,500 பவுண்டு உச்சவரம்பு" என்று டிவியில் சொல்லிச் சொல்லி, அதற்கு மேல் பில்லே வராது என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், இன்று கோயிலில் பார்த்த இரண்டு பேர் உட்பட. வரம்பு யூனிட் விலைக்குத்தான். 2,500 என்பது சராசரி வீட்டுக்குப் போட்ட கணக்கு. அதிகம் எரித்தால் அதிகம் வரும். அரசு தரும் 400 பவுண்டு மட்டும் ஆறு மாதத்துக்குப் பிரித்துக் கழியும், இந்த மாதம் 66.

அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து போன மாதம் வந்தார், மார்ச் வரை இருப்பார். 71 வயது, முதல் லண்டன் குளிர்காலம். விலையைச் சொன்னதும், "எய்யா, நம்மூர்ல ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டு சும்மால்லா வருது" என்றார். அந்தக் கணக்கிலிருந்து வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தொகையாகத் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

9 அக்டோபர், ஞாயிறு

பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வீடு முழுக்கச் சுற்றினேன். கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க 4 பென்ஸ். கிரைண்டர் பயந்த அளவுக்கு இல்லை, மாவரைத்து முடிய மொத்தமே இரண்டு மூன்று பென்ஸ்தான். டிவிப் பெட்டி சும்மா நிற்கும்போதே 10 வாட் இழுக்கிறது, வருடத்துக்கு 30 பவுண்டு ஆகிறது. துணி உலர்த்தும் இயந்திரம் ஒரு தடவைக்கு நாலரை யூனிட், ஒன்றரைப் பவுண்டுக்கு மேல். சமையலறைக் கூரையில் 50 வாட் ஹாலஜன் ஆறு இருந்தன, ஆறையும் கழற்றி 5 வாட் எல்.ஈ.டி. போட்டேன், தினம் ஐந்து மணி நேரம் எரிகிற விளக்குகள் என்பதால் இது ஒன்றிலேயே நாளுக்கு 46 பென்ஸ் மிச்சம்.

அப்புறம் போன வருட பில்களை எல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மின்சாரம் 3,100 யூனிட், கேஸ் 14,800 யூனிட். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கேஸ், அதில் பெரும்பகுதி வீட்டைச் சூடாக்க. நாங்களோ வருடம் முழுக்க மகளை "லைட்டை அணை, லைட்டை அணை" என்று விரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அணைக்க வேண்டியதுதான், ஆனால் பணம் போகிற வழி அது இல்லை.

16 அக்டோபர், ஞாயிறு

இது நூறு வருடத்துக்கு மேலான வரிசை வீடு. ஒன்பது அங்குலக் கட்டிச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது, அதனால் பஞ்சு அடைக்கிற வேலைக்கு வழியில்லை. சுவரை விட்டுவிட்டுக் காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதே உருப்படியான வேலை என்று முடிவு செய்தேன். கருவி எதுவும் வாங்கவில்லை, பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி, காற்றடித்த சாயங்காலமாகப் பார்த்து ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். புகை நேராக மேலே போனால் சரி, சாய்ந்தால் அங்கே ஓட்டை.

தபால் போடும் துவாரத்தில் புகை படுத்தே விட்டது. அம்மா படுக்கும் முன்னறையில் மூடாமல் கிடக்கும் பழைய கணப்பு இருக்கிறது, அங்கே புகையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. ஹீட்டர் போடும் ஒவ்வொரு நாளும் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அந்தப் புகைபோக்கி வழியாகத்தான் மேலே போயிருக்கிறது. ஆட்டுக் கம்பளியில் செய்த அடைப்பான் விற்கிறார்கள், அதை வாங்கிச் சொருகியாயிற்று. தபால் துவாரத்துக்குப் பிரஷ், கதவடியில் ரப்பர், தரைப்பலகை இடுக்குகளுக்கு நிரப்பு. எல்லாம் சேர்த்து 70 பவுண்டுக்குள் முடிந்தது. வெளிச்சுவரின் அடியில் இருக்கும் துளைச் செங்கல்களை மட்டும் தயவுசெய்து யாரும் அடைக்காதீர்கள், பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓட அவை வேண்டும், அடைத்தால் மரம் இற்றுப்போகும்.

24 அக்டோபர், திங்கள்

தீபாவளி. இந்த வருடம் அக்டோபர் நல்ல வெதுவெதுப்பு, இன்னும் ஹீட்டர் போடவில்லை. அதிரசமும் முறுக்கும் சுட்டதில் அடுப்படியே போதுமான சூடு. சமையல் கேஸ் மொத்தக் கணக்கில் மிகச் சின்னத் துண்டுதான், அதனால் பண்டிகைப் பலகாரத்தில் கைவைக்கிற யோசனையே எனக்கு இல்லை.

6 நவம்பர், ஞாயிறு

இன்று செய்ததை எல்லோருக்கும் சொல்ல வேண்டும், பைசா செலவில்லாத வேலை. கேஸில் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 75 டிகிரியிலிருந்து 55க்குக் குறைத்தேன். இது அறைக்கு எவ்வளவு சூடு என்று வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லை, பாய்லர் முகப்பிலேயே ரேடியேட்டர் படம் போட்ட திருகு. குழாய்ப் படம் போட்டது வேறு, அது குளிக்கிற வெந்நீருக்கு.

காரணம் இதுதான். இப்போது வீடுகளில் இருக்கிற பாய்லர்கள் பெரும்பாலும் கண்டன்சிங் வகை. எரிந்த கேஸோடு வெளியேறும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதில் இருக்கும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75இல் அனுப்பினால் திரும்புவதே 60க்கு மேல் வரும், நீராவி அப்படியே வெளியே போகும். தெருவில் பாய்லர் குழாய்கள் புசுபுசுவென்று வெண்புகை விடுவதைப் பார்க்கிறோமே, அதில் ஒரு பகுதி நாம் பிடித்து வைத்திருக்கக்கூடிய வெப்பம். இத்தனை வருடம் பாய்லர் சர்வீஸுக்கு வந்த ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ரேடியேட்டர் இனி தொட்டால் சுடாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், வீடு சூடேற அதிக நேரம் பிடிக்கும். அதனால் முக்கால் மணி நேரம் முன்னதாகவே ஆரம்பிக்கும்படி டைமரை மாற்றினேன். வெந்நீர்த் தொட்டி இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. தொட்டித் தண்ணீர் 60 டிகிரியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். எங்களுடையது தொட்டியில்லாத 'காம்பி' வகை பாய்லர்.

17 நவம்பர், வியாழன்

நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் இன்று அறிக்கை வாசித்தார். அந்த 2,500 ஏப்ரலிலிருந்து 3,000 ஆகிறதாம்.

ஆனால் இரண்டு நாளாக மனதில் நிற்பது வேறு செய்தி. ராச்டேலில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, குடியிருந்த வீட்டின் பூஞ்சையைச் சுவாசித்தே இறந்தது என்று விசாரணையில் முடிவு வந்திருக்கிறது. அந்தப் பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் சொல்லியிருக்கிறார்கள். படித்துவிட்டு நேராகப் போய் எங்கள் பின்னறை மூலையைப் பார்த்தேன், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் மேலேயே துணி காயப் போட்டுவந்தோம், அந்த ஈரம் முழுக்க எங்கே போகும்? குளிர்ந்த சுவரில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் பிடிக்கிற ஆசையில் செய்த தப்பு. சுவரைத் துடைத்து மருந்தடித்தேன், அலமாரியை நகர்த்தினேன். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறோம், 200 வாட், மணிக்கு 7 பென்ஸ் ஆகும். சின்ன அறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, இதை ஓடவிட்டால் ராத்திரிக்குள் துணி காய்ந்துவிடுகிறது. குளித்து முடித்ததும் ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்து வைப்பதும் இனி கட்டாயம், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் சரி.

12 டிசம்பர், திங்கள்

நேற்று ராத்திரி பனி கொட்டியது. காலையில் மகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. நேற்று மட்டும் 11 கனமீட்டர் கேஸ். ஒரு கனமீட்டர் என்பது சுமார் 11 யூனிட், ஏறக்குறைய 1 பவுண்டு 15 பென்ஸ், ஆக ஒரே நாளில் பன்னிரண்டரைப் பவுண்டுக்கு மேல். நவம்பரில் தினம் 5 கனமீட்டரில் நின்ற வீடு இது.

மத்தியானம் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, அதற்கும் மேல் போர்வை போர்த்திக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அறையில் பதினாலரை டிகிரி. ரேடியேட்டர் வால்வை அவரே அணைத்திருக்கிறார். கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றார், அப்புறம்தான் சொன்னார். ஹாலில் நான் வைத்திருந்த ஸ்மார்ட் மீட்டர் திரை காசு ஏற ஏறப் பச்சையிலிருந்து சிவப்பாகிறது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவர் அவர், அந்தச் சிவப்பு தன்னால்தான் வருகிறது என்று நினைத்திருக்கிறார். "நீங்க ரெண்டு பேரும் இப்பிடிக் கஷ்டப்படுதீக, நான் ஒருத்தி இருந்துக்கிட்டு எரிக்கணுமா எய்யா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு மாதமாக இந்த வீட்டில் என் வாயிலிருந்து யூனிட்டும் பென்ஸும் தவிர வேறென்ன வந்தது? வயதானவர்கள் இருக்கும் அறை குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று இந்த நாட்டுச் சுகாதாரத் துறையே சொல்கிறது. குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு கூடும். அம்மாவுக்கு ஏற்கனவே பிரஷர் மாத்திரை. திரையை எடுத்து மாடியில் என் மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டேன். கணக்கை நான் பார்த்தால் போதும்.

18 டிசம்பர், ஞாயிறு

வீட்டு ஏற்பாட்டையே மாற்றினேன். வயர் இல்லாத தெர்மோஸ்டாட் ஹாலில் இருந்தது, அதை அம்மா அறைக்குக் கொண்டுபோய் 20இல் வைத்து, அந்த அறை ரேடியேட்டர் வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் வால்வைக் குறைத்து வைத்தால் அறை சூடாகவே ஆகாது, பாய்லரும் நிற்காமல் எரியும். மற்ற அறைகளில் வால்வு இரண்டில். நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம். அம்மா படுக்கையில் மின்விரிப்பு, 100 வாட், மணிக்கு மூன்றரை பென்ஸ்கூட ஆகாது. அதே சூட்டுக்கு இரண்டு கிலோவாட் ஃபேன் ஹீட்டர் போட்டால் மணிக்கு 68 பென்ஸ். கேஸை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபேன் ஹீட்டர் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள், அதே வெப்பத்துக்கு மின்சாரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை.

வெள்ளிக்கிழமை மார்கழி பிறந்தது. நாலரைக்கு எழுந்து குளித்துத் திருப்பாவை சொல்வார் அம்மா, அது இங்கேயும் நிற்காது. மூன்றே முக்காலுக்கே பாய்லர் எழுந்துகொள்ளும்படி டைமர் வைத்திருக்கிறேன்.

23 ஜனவரி 2023, திங்கள்

சாயங்காலம் 5 முதல் 6 வரை மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மெசேஜ் வந்தது. நாட்டின் மின்கட்டமைப்பை நடத்தும் நேஷனல் கிரிட்டின் திட்டம் இது, நவம்பரிலிருந்து சோதனையாக நடந்தது, நிஜத் தேவைக்கு இன்றுதான் முதல் தடவை. காற்று வீசவில்லை, கடுங்குளிர், நிலக்கரி ஆலைகளைக்கூடத் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்து பெயர் கொடுத்திருந்தால் வழக்கத்தைவிடக் குறைத்ததற்குக் காசு தருவார்கள். நாலரைக்கே சமையலை முடித்து, ஒரு விளக்கில் எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தோம். அம்மா மகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக் கொடுத்தார். இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும் போலிருக்கிறது.

2 பிப்ரவரி, வியாழன்

பில் பாக்கி வைத்தவர்களின் வீடு புகுந்து முன்பணம் போடும் மீட்டரை வலுக்கட்டாயமாக மாட்டுவதை நிறுத்தி வையுங்கள் என்று, மின்சார, கேஸ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் இன்று அவற்றைக் கேட்டிருக்கிறது. குளிர்காலம் பாதி போன பிறகு.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி வீட்டிலும் சாவி செருகும் பழைய முன்பண மீட்டர்தான். தனியாக இருக்கிறார், பகலில் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார், அங்கே சூடு இருக்கிறது. இன்று வாசலில் நிறுத்தி, "தம்பி, இந்தக் கடிதங்கள் என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று ஒரு கட்டு கொடுத்தார். விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். எல்லாம் அந்த 400 பவுண்டு உதவியின் வவுச்சர்கள்! எங்களுக்குத் தானாகக் கழிகிற பணம், இவரைப் போன்றவர்களுக்குத் தபாலில் சீட்டாக வருகிறது. அதைத் தபால் நிலையத்துக்கோ பில் பணம் கட்ட வசதியுள்ள பேபாயிண்ட் கடைக்கோ கொண்டுபோனால்தான் மீட்டரில் ஏறும், அதுவும் 90 நாளுக்குள். அக்டோபர், நவம்பர் இரண்டும் காலாவதி, 132 பவுண்டு. டிசம்பர், ஜனவரி உயிரோடு இருந்தன. உடனே கூட்டிக்கொண்டு போய் 134 பவுண்டு ஏற்றினோம். பழையதைத் திரும்பத் தரச் சொல்லி அவர் பெயரில் போன் செய்து ஐம்பது நிமிடம் காத்திருந்தேன், அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களுக்குக் கிடைப்பதுதான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் போய்க் கேளுங்கள், கடிதம் ஏதாவது பிரிக்காமல் கிடக்கிறதா என்று.

19 மார்ச், ஞாயிறு

புதன்கிழமை பட்ஜெட்டில் 2,500ஐயே ஜூன் வரை நீட்டித்துவிட்டார்கள். முன்பண மீட்டர்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் கட்டுவதும் ஜூலையிலிருந்து நிற்கிறதாம்.

அம்மாவை நேற்று விமானம் ஏற்றினோம். இன்று உட்கார்ந்து கூட்டினேன். அக்டோபர் 1 முதல் இன்று வரை 858 கனமீட்டர். போன குளிர்காலத்தில் இதே நாட்களுக்கு 1,055. பகல் முழுக்க ஒருவர் வீட்டில் இருந்தும் ஐந்தில் ஒரு பங்கு கிட்டக் குறைந்திருக்கிறது, பெரும்பங்கு புகைபோக்கி அடைப்பாலும் பாய்லர் திருகாலும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அப்போது அந்தக் கேஸுக்கு ஆனது 470 பவுண்டு சொச்சம், இப்போது 980க்கு மேல். இவ்வளவு குறைத்தும் இரண்டு மடங்கு கட்டியிருக்கிறோம்.

அன்ரிக்கு இரண்டு வவுச்சரும் புதிதாக வந்துவிட்டன, நேற்று சாயங்காலம் ஏற்றிக் கொடுத்தேன். தெர்மோஸ்டாட்டை இன்னும் அம்மா அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றவில்லை, அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.