லேசரா, அதிர்வலையா, முதுகில் துளையா?

கிட்னியில் கல் என்று ஸ்கேன் சொன்னதுமே "லேசர்ல எடுத்துடலாமா டாக்டர்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அண்ணனுக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். கல் எவ்வளவு பெரிசு, எங்கே உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு கெட்டி, இந்த மூன்றும் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

உடம்புக்குள் எதுவும் நுழையாமல் வெளியிலிருந்து அதிர்வலையைக் குவித்துக் கல்லை உடைப்பது ஒரு முறை. 1980-ல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இது கல்லை உடைக்கும், வெளியே எடுக்காது; துண்டுகள் சிறுநீரோடு தானாக வர வேண்டும். சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் இருக்கிற கல் என்றால் துண்டுகள் மேலே ஏறி வர முடியாமல் அங்கேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். சி.டி. ஸ்கேனில் கல்லின் கெட்டித்தன்மையைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் 1000-ஐத் தாண்டினால் கல் சரியாக உடைவதும் சந்தேகம்தான். கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்யவே கூடாது.

அண்ணனுக்கு இருந்தது 14 மி.மீ. கல், அதுவும் அடிப்பகுதியில், கெட்டியாக. அதனால் ஆர்.ஐ.ஆர்.எஸ். செய்தார்கள். சிறுநீர் வரும் வழியாகவே வளையக்கூடிய மெல்லிய குழாய்க் கேமராவைச் சிறுநீரகம் வரை கொண்டுபோய் லேசரால் கல்லைப் பொடியாக்குவது, வெட்டு, தையல் எதுவும் இல்லை. இதில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது, சிலருக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலாக இருந்து கருவி ஏறாது, அப்போது சிறுநீர்க்குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை மட்டும் வைத்து அனுப்பிவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். அப்புறம், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று காட்டும் யூரின் கல்ச்சர் பார்க்காமல் ஆபரேஷன் மேசையில் படுக்காதீர்கள். கிருமி இருக்கும்போது ஆபரேஷனில் உள்ளே தண்ணீர் பாய்ச்சினால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கல் 20 மி.மீ.க்கு மேல் போனால் பொதுவாக முதலில் சொல்லப்படுவது பி.சி.என்.எல்., அதாவது முதுகுப் பக்கம் துளை போட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் போவது. துளை என்றதும் பயந்து, 3 செ.மீ. கல்லுக்குக்கூட லேசர் போதும் என்று அடம்பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன், எனக்கு அது சரியாகப் படவில்லை. துளை சுமார் 1 செ.மீ.தான், மினி முறையில் இன்னும் சின்னது, பல இடங்களில் அதன் வழியாகவும் லேசரைத்தான் விடுகிறார்கள். ரத்தக்கசிவு வாய்ப்பு மற்ற இரண்டையும்விட அதிகம், சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் பெரிய கல்லை ஆர்.ஐ.ஆர்.எஸ்.ஸில் எடுக்கப்போனால் இரண்டு மூன்று தடவை மயக்க மருந்து, ஒவ்வொரு தடவையும் ஸ்டென்ட், ஒவ்வொரு தடவையும் செலவு. சிறுநீரகம் முழுக்கக் கிளைவிட்ட மான்கொம்புக் கல்லுக்குப் பி.சி.என்.எல். தவிர வேறு யோசனையே பெரும்பாலும் வேண்டாம்.

சரி, ஸ்டென்ட். அண்ணனுக்கும் வைத்திருந்தார்கள்; ஆபரேஷனைவிட அவரைப் படுத்தியது இதுதான். அடிக்கடி சிறுநீர் முட்டும், போகும்போது விலாவில் சுளீரென்று இழுக்கும், நடந்தால் சிவப்பாகப் போகும். பலருக்கும் இப்படித்தான் இருக்கும், மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையால் கொஞ்சம் குறைப்பார். வலி குறைந்ததும் சிலர் அதை எடுக்கப் போகாமலேயே விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அதன்மேலேயே கல் படிந்து, அதை எடுக்கத் தனியாக ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி இல்லையென்றால், எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.