எடுத்தாலே திருட்டு ஆயிடுமா?
அடுத்தவங்க பொருளை எடுத்தாலே திருட்டுதான்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, ஆனா சட்டம் முதல்ல பாக்குறது எடுத்தவன் மனசுல என்ன இருந்துச்சுன்னுதான், தன்னோட குடைன்னு நெஜமாவே நம்பி இன்னொருத்தர் குடையைத் தூக்கிட்டுப் போனவர் திருடன் கிடையாது. சரி, ரெண்டு நாள்ல திருப்பி வச்சிடலாம்னு கேக்காம எடுத்தா? இங்கிலாந்தோட 1968 திருட்டுச் சட்டப்படி நிரந்தரமா பறிக்கிற எண்ணம் இருக்கணும், இந்தியாவுல அது தேவையே இல்ல, நேர்மையில்லாத எண்ணத்தோட, சம்மதம் இல்லாம பொருளை நகர்த்தினாலே போதும். எனக்கு இந்திய சட்டம்தான் சரின்னு படுது, பறிகொடுத்தவனுக்கு அந்த ரெண்டு நாளும் நஷ்டம்தானே!

தண்டனைன்னு பாத்தா இந்தியாவோட குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல சாதாரண திருட்டுக்கு 3 வருஷம் வரைக்கும், குடியிருக்கிற வீட்டுக்குள்ள திருடினா 7 வரைக்கும். அடிச்சு மிரட்டிப் புடுங்கினா அது கொள்ளை, 10 வருஷம் வரை, அதையே அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேந்து பண்ணினா கூட்டுக்கொள்ளை, ஆயுள் வரைக்கும் போகும். (தலை எண்ணிக்கையை வச்சு குற்றத்தோட பேரே மாறுது பாருங்க.) இன்னொரு பக்கம், 5000 ரூபாய்க்குக் கீழ முதல் தடவையா திருடி மாட்டினவங்க பொருளைத் திருப்பிக் குடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனை, ஜெயில் இல்ல.